துவைக்கிற நாளுக்கு இன்னொரு சட்டை

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். உன்னை அப்படிக் கேட்கக் கை வரவில்லை. அதனால் இங்கே இருக்கிற சேதியிலிருந்து தொடங்குகிறேன்.

திருவொற்றியூரில் உன் வீட்டுக்கு எதிரே கடலோரமாக இன்னும் நாலைந்து லாரி கல் கொட்டியிருக்கிறார்கள். அப்படியும் அலை அடிக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. கன்டெய்னர் வண்டிகள் எண்ணூர் வரைக்கும் அதே மாதிரி வரிசையில் நிற்கின்றன. நீ சரக்கு இறக்கிக்கொண்டிருந்த யார்டில் உன்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் நேற்றே கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நட்சத்திரத்தைப் பார்த்தால் எனக்கு உன் டி-சர்ட் ஞாபகம்தான் வருகிறது. இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ குடித்தாய். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மா இருந்த வரைக்கும் அவளுக்குப் பயந்து கொஞ்சமாக, அம்மா போன பிறகு யாருக்கும் பயப்படாமல். நடுவில் மூன்று வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டாய். மாலை கழுத்தில் இருக்கும்வரை உன்னைப் போல ஒரு ஆம்பிளை அந்தத் தெருவில் கிடையாது. உன் பெண்டாட்டி கோமளாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாய், மகள் சத்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவாய். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பிராந்திக் கடைக்குப் போய்விடுவாய். மூன்று வருஷமும் அப்படித்தான். மூன்றாவது வருஷம் கோமளா சண்டை போடவில்லை, அழவில்லை. துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையோடு வியாசர்பாடியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் யார்டில் கூட வேலை பார்த்த ஒருவர் உன்னை ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். உனக்கு என்ன அங்கே பிடித்தது என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அங்க யாரும் என்ன பாத்து மூஞ்ச சுளிக்கலக்கா. உள்ள வா, குந்துன்னாங்க." நம் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நீ எப்போதும் போல விபூதி வைத்துக்கொண்டாய், ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போனாய். நானும் எதுவும் சொல்லவில்லை.

அங்கே ஒரு கூட்டத்தில் வாசலில் விற்றார்கள் என்று ஒரு வெள்ளை டி-சர்ட் வாங்கி வந்தாய். நெஞ்சில் சிவப்பாக ஒரு சிலுவை, அதன் கீழே 'இயேசு என்னோடு இருக்கிறார்'. அதைப் போட்டுக்கொண்டே ஒரு நாள் வேலை முடிந்து வழக்கம் போலக் கடைக்குப் போயிருக்கிறாய். உன் தோஸ்து ஏழுமலை சொன்னதை நீயே எனக்கு வந்து நடித்துக் காட்டினாய்.

"இன்னா மாமு, நீ தனியா வந்தா குந்து. அவரயும் இட்டுகினு வந்துகீற. எங்களுக்கு எப்டி எறங்கும்?"

கடையே சிரித்ததாம். உனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பி வந்துவிட்டாய். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனாய், மறுநாளும் வாசலோடு திரும்பினாய். அப்புறம் உனக்கே ஒரு வழி பிடிபட்டது. "யக்கா, இத்த போட்டுகினா அந்தக் கடைக்குள்ள கால் வெக்க முடியலக்கா. மாலன்னா ஒரு நாள் கயட்டணும். சட்டைய யாரு கயட்டச் சொல்லப் போறாங்க?"

ஆனால் அது மட்டச் சட்டை. மூன்று மாதத்தில் கழுத்து தொங்கிவிட்டது. அச்சு காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உரிந்தது. 'என்னோடு' போய்விட்டது, அப்புறம் 'இருக்கிறார்' போய்விட்டது. மிச்சம் இருந்த சிவப்பைக் காட்டிக்கொண்டு நீ என் வீட்டுக்கு வந்து நின்றபோது உன் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யக்கா, நீ எக்ஸ்போர்ட்ல கீற. உனுக்கு துணி தெரியும். கிறிஸ்மஸ் வருது. எனுக்கு ஒரு கிப்ட்டு குடு. போவாத மாதிரி ஒரு சட்டை."

என் வேலையே அதுதான். தண்டையார்பேட்டை ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங். ஒரு நாள் முழுக்கச் சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துக் குறை கண்டுபிடிப்பது. நீகூடக் கேலி பண்ணுவாய், "வூட்டுக்கு வந்தும் எங்கிட்ட அதயேதான்கா பண்ற" என்று. சட்டை கேட்ட அன்றைக்கு நீ கேலி பண்ணவில்லை.

முதலில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனேன். நெற்றியில் குங்குமத்தோடு உள்ளே போகச் சங்கடமாக இருந்தது. கடையில் இருந்த அம்மா ரொம்பத் தன்மையாக எல்லாம் எடுத்துக் காட்டினார்கள். ஆட்டுக்குட்டி, கழுகு, சூரிய உதயம், எல்லாவற்றிலும் இங்கிலீஷில் நீள நீளமான வசனம். நல்ல துணிதான் சில. ஆனால் உன்னைக் கேட்காமல் எடுக்க மனசு வரவில்லை. பக்கத்து பூத்திலிருந்து யார்டுக்குப் போன் பண்ணி உன்னைக் கூப்பிடச் சொன்னேன்.

"இங்கிலீஷ் வேணாங்க்கா. அவனுங்களுக்கு படிக்க வராது. தமிழ்ல, பெர்சா. எட்ட இருந்தே தெரியணும்" என்றாய். போனை வைக்கப் போனவன், "முதுகுலயும் போடுக்கா. திரும்பி வரும்போதுதான் பின்னால இருந்து கூப்புடுவானுங்க" என்றாய்.

அப்படி ஒரு சட்டை எந்தக் கடையில் கிடைக்கும்? செய்யத்தான் வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆர்டர் நின்றுபோன சரக்கை ஆட்களுக்கே விற்பார்கள். அதில் தேடினேன். வெள்ளை வேண்டாம், யார்டு அழுக்கு ஒரு நாள் தாங்காது. கறுப்பு வெயிலில் வெளுக்கும். கருநீலத்தில் கனமான பருத்தியாக ஒன்று எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரியக்கூடாது. கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டால் உடனே பழையபடி சேர வேண்டும். இரண்டு தோளுக்கும் உள்பக்கம் நாடா வைத்துத் தைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கயிறு இழுக்கிற உன் தோளில் தையல் விட்டுவிடும். ஒரு முறை நனைத்துக் காயவைத்து, சுருங்குகிறதா, பக்கத் தையல் கோணிக்கொள்கிறதா என்றும் பார்த்தேன்.

'இயேசு என்னோடு இருக்கிறார்' என்று முன்னும் பின்னும் பெரிதாக அச்சு போட வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயிடம் கொடுத்தேன். கட்சிக் கூட்டத்துக்கும் கிரிக்கெட் டீமுக்கும் பனியன் அடிக்கிறவர். எழுத்து உரியவே கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதும், "கிறிஸ்மஸுக்கு ஒரு நாள் போடற சட்டைக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ கஷ்டப்படற?" என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். எதற்கு என்றும் சொல்லிவிட்டேன்.

"அப்ப இத்த ஒரு தபா சூடு வெச்சா பத்தாது" என்று சொல்லி இரண்டாவது முறையும் சூட்டு மெஷினில் வைத்து எடுத்தார். வெள்ளைத் துணியை நனைத்து எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று காலை என் வீட்டு வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நீ முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினாய். "இத்தப் போட்டுகினு எங்கயும் தப்பு பண்ண முடியாதுக்கா, சென்ட்ரல் ஸ்டேஷன் போர்டு மாதிரி கீறேன்" என்றாய். நீ அவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை காலமாகியிருந்தது?

அந்தச் சட்டை உன்னைக் காப்பாற்றியது. மாதக்கணக்காகக் காப்பாற்றியது. சனிக்கிழமை ராத்திரி துவைத்துப் போட்டு ஞாயிறு காலையில் எடுத்துப் போட்டுக்கொள்வாய். நடுவில் கடை அரசாங்கக் கடையாகிப் போர்டு மாறியது, பக்கத்தில் பார் வந்தது. நீ அதைத் தாண்டி நடந்தாய். ஐப்பசி மழையில்தான் தப்பு நடந்தது. விடாமல் பெய்த மழையில் சட்டை காயவே இல்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். அன்று சாயங்காலம் கடலோரக் கல்லில் நீ விழுந்து கிடக்கிறாய் என்று பக்கத்து வீட்டார் போன் பண்ணினார்கள்.

மறுநாள் என்னிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு, "காயலக்கா" என்று மட்டும் சொன்னாய். நான் உன்னைத் திட்டவில்லை. அந்த வாரமே இன்னொரு கருநீலச் சட்டை எடுத்து, பாயிடம் அதே எழுத்தை அடித்து வாங்கிக் கொடுத்தேன். துவைக்கிற நாளுக்கு. அதற்குப் பிறகு நீ கடைசி வரைக்கும் குடிக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு நீ வியாசர்பாடிக்குப் போனாய். கோமளாவுக்கு ஒரு புடவை, சத்யாவுக்குப் பாவாடை சட்டை. கோமளா உன்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாளாம். அப்புறம் உன் நெஞ்சில் இருந்த எழுத்தைக் காட்டி, "மால போட்டப்பயும் இப்டித்தான் இருந்த. இத்த கயட்டிட்டு அந்தக் கடய தாண்டி வா, அப்ப நம்புறேன்" என்றாளாம். இதை நீ சந்தோஷமாகத்தான் வந்து சொன்னாய். அவள் ஒரு பரீட்சை வைத்துவிட்டாள், அதை முடித்துவிட்டால் போதும் என்று உனக்குத் தெம்பு வந்துவிட்டது. எனக்குத்தான் பயமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நானும் அதுவரைக்கும் சட்டையைத்தான் நம்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லை. பொங்கல் கழித்து வந்தபோது, "கோமளா இன்னா சொல்ச்சி?" என்று கேட்டேன். "ரவ நாள் போவட்டும்கா" என்றாய். முகம் வாடியிருந்தது. கண் மஞ்சளாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

மாசி மாதம் ரத்தமாக வாந்தி எடுத்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் எப்போதோ கெட்டுவிட்டது, இவர் நிறுத்தியது லேட் என்றார். நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் ஒரு நாள்தான் என்றேன். அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோமளா வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். சத்யா உன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உன்னை எடுக்கிற அன்று சபைக்காரர்கள் ஜெபம் பண்ணினார்கள், நம் சொந்தக்காரர்கள் மாலை போட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருவர், "சட்டைல ஏசு, வவுத்துல சாராயம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கும் கேட்டது, என் பக்கத்தில் இருந்த கோமளாவுக்கும் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை.

காரியம் முடிந்த பிறகுதான் கோமளா வாயைத் திறந்தாள். போகி அன்று சாயங்காலம் நீ வந்திருக்கிறாய், கட்டம் போட்ட சாதாரணச் சட்டையில்.

"சட்ட பூரா அந்த நாத்தம் அண்ணி. எனுக்குத் தெரியாத நாத்தமா? குடிக்கலடி, உள்ள போயி குந்திட்டு வந்தேன், அவ்ளோதான்னாரு. எவளாவது நம்புவாளா? வோணும்னா ஊதறேன், பாருன்னு கிட்ட வந்தாரு. நான் மூஞ்ச திருப்பிக்கினு கதவ சாத்திட்டேன்."

சேகர், நீ குடித்தாயா இல்லையா என்று எனக்கும் தெரியாதே. அவள் இடத்தில் நான் இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன் என்றுதான் அன்று தோன்றியது. அப்படியென்றால் நீ என்னிடம் 'ரவ நாள் போவட்டும்' என்று சொன்னது அதை மறைக்கத்தானா? அந்தச் சந்தேகத்தோடு நான் ஒரு மாதம் தூங்கினேன், எழுந்தேன், வேலைக்குப் போனேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். "யக்கா, சேகருக்குக் குடுத்த மாதிரி எனுக்கு ஒரு சட்ட வோணும். ஆனா நான் முருகர கும்புடறவன். முருகர் பேரு போட முடியுமா?" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முடியும் என்றேன். போகாமல் நின்றான். என்னடா என்று கேட்டேன்.

"அவன் கடைசியா வந்தத உங்கிட்ட சொல்லணும்க்கா. போகி அன்னிக்கு. செக்குடு சட்ட போட்டுகினு வந்தான். இன்னாடா யூனிபாரம் காணோம்னு நாங்க கலாய்ச்சோம். நேரா உள்ள வந்து எங்கூட குந்தினான். நானே ஊத்தி அவன் முன்னாடி வெச்சேன். பக்கத்துல ஒருத்தன் கை பட்டு அவன் மேலயே கொஞ்சம் கொட்டிகிச்சி. அவன் கிளாஸ பாத்துகினே இருந்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பால ரெண்டு வாயி சுண்டல் துன்னான். கோமளா பாத்துகினு இருக்கும், நான் வரேன்டான்னு எய்ந்து பூட்டான். கிளாஸ தொடவே இல்லக்கா. எம்மேல சத்தியம்."

கடையைத் தாண்டிப் போனால் போதும் என்றுதான் கோமளா சொன்னாள். நீ ஏன் உள்ளே போய் உட்கார்ந்தாய்? தாண்டிப் போனால் அவளுக்குப் போதும், உனக்குப் போதாது என்று நினைத்தாயா? அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே என்ன யோசித்தாய்? இதையெல்லாம் கேட்க இப்போது யார் இருக்கிறார்கள்?

இதைக் கோமளாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவள் மனசில் நீ கடைசியாகவும் ஒரு பொய்க்காரனாகவே இருந்துவிடுவாய். என் வீட்டுக்காரர், உன் மாமாதான், "அது அவனுக்குச் சேர வேண்டியது, குடுத்துடு" என்றார். வியாசர்பாடிக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஏழுமலை சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

கோமளா அழுவாள் என்று நினைத்தேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். "சுண்டல் துன்னாரா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப பசியோட வந்திருக்காரு அண்ணி. வூட்ல எல்லாம் செஞ்சி வெச்சிருந்தேன். சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல."

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அவரு சொன்னாரு அண்ணி. குடிக்கலன்னு அவரு வாயாலயே சொன்னாரு" என்று மறுபடியும் சொன்னாள்.

இப்போது அவளும் சத்யாவும் திருவொற்றியூரில் உன் வீட்டில்தான் இருக்கிறார்கள். கோமளா எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்திருக்கிறாள். ஒரே பஸ்ஸில் போகிறோம். ஏழுமலைக்கு முருகர் பெயரில் இரண்டு சட்டையாகவே கொடுத்தேன். சில நாள் நிற்கிறான், சில நாள் தவறுகிறான். தவறினால் மறுநாள் என் தெருப்பக்கமே வரமாட்டான், அதில் தெரிந்துகொள்வேன்.

போன வாரம் சத்யா பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். நன்றாக வளர்ந்துவிட்டாள், சேகர், பேச்சில் உன் சாடை. "அத்த, எங்கப்பா குடிச்சிதானே செத்தாரு?" கூடப் படிக்கிற யாரோ சொன்னார்களாம். கோமளா அடுப்படியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். குடிச்சார், அது உண்மை என்றேன். அப்புறம் நிறுத்தினார், அதுவும் உண்மை என்றேன். போகி அன்று நீ எந்தச் சட்டையில் எங்கே போய் உட்கார்ந்தாய், எதைத் தொடவில்லை, எதைச் சாப்பிட்டாய், அங்கிருந்து எழுந்து யாரைப் பார்க்க வந்தாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சாத்திய கதவை மட்டும் சொல்லவில்லை. அது கோமளா சொல்ல வேண்டியது.

அவள் சொன்னாள், சேகர். அடுப்படியிலிருந்து வந்து, மகள் எதிரே தரையில் உட்கார்ந்து, தன் வாயாலேயே சொன்னாள்.

தம்பி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன்னைப் பற்றி யார் எங்கே தப்பாகப் பேசினாலும், பஸ்ஸில் ஆனாலும் கல்யாண வீட்டில் ஆனாலும், நான் எழுந்து நின்று போகி அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லுவேன். நான் இல்லாத இடத்தில் சத்யா சொல்லுவாள். அவளுக்கு இப்போது முழுசாகத் தெரியும்.

உன் கூடப் பிறந்த அக்கா,
தனம்